பொருளுக்குள் உறையும் பொருள்: யூத மறைஞானமும் அன்றாட வாழ்வும்

தமிழில் ‘பொருள்’ என்ற ஒரே சொல் கையால் தொடக்கூடிய பண்டத்தையும் குறிக்கிறது, ஒரு சொல் உணர்த்தும் கருத்தையும் குறிக்கிறது. எபிரேய மொழியில் ‘தாவார்’ என்ற சொல்லும் ஏறக்குறைய இதே இரட்டைப் பயன்பாடு உடையது. வாயால் சொல்லப்படும் சொல்லுக்கும் அது வழங்கும், உலகிலுள்ள பண்டத்துக்கும் வழங்கும். எபிரேய வேதத்தின் முதல் அதிகாரத்தில் இறைவன் சொல்லாலேயே உலகை உண்டாக்குகிறான் என்பதால், பிற்கால யூத அறிஞர்கள் அந்தப் படைப்பு உரைகளைப் பத்து என எண்ணிக் கணக்கிட்டனர். அவர்களுக்குப் பின்வந்த மறைஞானிகளோ, உலகம் பேசப்பட்ட ஒன்று என்றால் அதிலுள்ள ஒவ்வொரு பண்டமும் ஒரு சொல்லே என்றும், அந்தச் சொல் இடையறாது ஒலித்துக்கொண்டிருக்கும்வரைதான் அந்தப் பண்டம் நிலைத்திருக்கிறது என்றும் கற்பித்தனர். ரொட்டித் துண்டிலும் செருப்புத் தையலிலும் கடைத்தெருப் பேரத்திலும் ஆன்மிகத்தைத் தேடும் யூத மறைஞான மரபின் அடித்தளம் இந்தக் கருத்தே. பண்டத்துக்குள் பொருள் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. அதை வாசிக்கும் பயிற்சிதான் மனிதனுக்குத் தேவைப்படுகிறது.

இந்த மரபுக்குக் ‘கபாலா’ என்று பெயர். பெற்றுக்கொள்ளப்பட்டது, அதாவது ஆசிரியரிடமிருந்து வழிவழியாக வந்தது என்பது அதன் நேர்ப்பொருள். மறைஞானம் என்றதும் காடும் குகையும் மடமும் நினைவுக்கு வருவது இயல்பு என்றாலும், கபாலா வளர்ந்த சூழல் அத்தகையதன்று. திருமணம் செய்துகொள்வதையும் மக்களைப் பெறுவதையும் கட்டளையாகவே கொண்ட யூத சமயம், ரப்பிகள் எனப்படும் சமய ஆசிரியர்களின் காலந்தொட்டு, துறவறத்துக்கென ஓர் அமைப்பை உருவாக்கவில்லை. கபாலா அறிஞர்களில் பெரும்பாலோர் மனைவி மக்களோடு வாழ்ந்தவர்கள். பலர் வணிகம் செய்தவர்கள், நீதிபதிகளாகவும் ஆசிரியர்களாகவும் ஊருக்கு உழைத்தவர்கள். இல்லறத்தை விட்டு வெளியேறும் வாசல் அடைபட்டிருந்த நிலையில், அவர்களின் தேடல் அடுப்படியையும் உணவு மேசையையும் தொழிற்பட்டறையையும் நோக்கித் திரும்பியது என்று கொள்ளலாம்.

உடைந்த கலங்களும் சிதறிய பொறிகளும்

கபாலாவின் தலையாய நூலான ‘ஸோஹர்’ 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயினின் காஸ்டில் பகுதியில் வெளிவந்தது. அரமேய மொழியில் அமைந்த அந்நூலை 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ரப்பி ஷிமோன் பார் யோகாயின் உபதேசம் என்று மரபு நம்புகிறது. 1305இல் மறைந்த மோசே தெ லெயோனும் அவரைச் சூழ்ந்திருந்தோரும் எழுதியது என்று ஆய்வுலகம் கருதுகிறது. எல்லையற்றதாகவும் அறிவுக்கு எட்டாததாகவும் இருக்கும் இறைமை, ‘செஃபிரோத்’ எனப்படும் பத்து வெளிப்பாடுகளின் வழியே உலகைத் தொடுகிறது என்பது இம்மரபின் கொள்கை. அந்தப் பத்தில் கடைசியாக, மண்ணுக்கு மிக அருகில் நிற்பது ‘ஷெகினா’ எனப்படும் இறைவனின் உடனிருப்பு. பெண்மையின் உருவகத்தால் பேசப்படும் அவள், நாடிழந்த தன் மக்களோடு தானும் நாடுகடந்து அலைகிறாள் என்பது யூத மனத்தில் ஆழப் பதிந்த படிமமாகும்.

1492இல் ஸ்பெயினிலிருந்து யூதர்கள் வெளியேற்றப்பட்டபோது அந்தப் படிமம் வாழ்வனுபவமாக மாறியது. அகதிகளாகச் சிதறியவர்களில் ஒரு பகுதியினர், ஓட்டோமான் ஆட்சிக்குட்பட்ட கலிலேயா மலைப்பகுதியில் உள்ள சஃபேத் என்ற ஊரில் கூடினர். 16ஆம் நூற்றாண்டில் அச்சிற்றூர் கபாலாவின் தலைநகரம் ஆயிற்று. அங்கே 1570ஆம் ஆண்டளவில் எகிப்திலிருந்து வந்து சேர்ந்து, 1572இல் கொள்ளைநோய்க்குத் தம் 38ஆம் வயதில் பலியான ஈசாக் லூரியா, மிகக் குறைவாகவே எழுதினார்; எனினும் அவருடைய மாணவர் ஹயீம் விட்டால் பதிவு செய்த போதனைகள் யூத சிந்தனையின் போக்கையே மாற்றின.

லூரியாவின் படைப்புக் கதை மூன்று கட்டங்கள் கொண்டது. எங்கும் நிறைந்த இறைமை, உலகுக்கு இடம் விடும்பொருட்டுத் தன்னைச் சுருக்கிக்கொண்டது முதற்கட்டம். இதற்கு ‘ஸிம்ஸும்’ என்று பெயர். அவ்வாறு உண்டான வெளியில் ஒளி பாய்ச்சப்பட்டபோது, அதைத் தாங்க வேண்டிய கலங்களுள் பல தாளமாட்டாமல் உடைந்தது இரண்டாம் கட்டம். உடைந்த கலங்களின் ஓடுகளோடு 288 ஒளிப்பொறிகள் ஒட்டிக்கொண்டு கீழே விழுந்து, உலகப் பண்டங்கள் அனைத்திலும் சிறைப்பட்டன. அந்தப் பொறிகளை விடுவித்து அவற்றின் மூலத்தோடு சேர்ப்பது மூன்றாம் கட்டம்; ‘திக்குன்’, அதாவது சீரமைப்பு எனப்படும் இந்த வேலை மனிதனிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. நாடிழந்து சிதறிய ஒரு சமூகத்துக்கு இக்கதை அளித்த ஆறுதல் எளிதில் விளங்கக்கூடியது: சிதறல் இறைமைக்கே நேர்ந்த ஒன்று என்றால், மக்கள் சிதறிக் கிடக்கும் தொலைதூர ஊர்களும் அங்குள்ள பொறிகளைப் பொறுக்கி எடுப்பதற்கான இடங்களாகவே ஆகின்றன.

கவனா: மனத்தைத் திருப்புதல்

சஃபேத்தின் கபாலா கற்றறிந்த சிறு குழுவினருக்கு உரியதாகவே நெடுங்காலம் இருந்தது. அதைச் சாதாரண மனிதரின் வாழ்வுக்குள் கொண்டுவந்தது 18ஆம் நூற்றாண்டில் கிழக்கு ஐரோப்பாவில் தோன்றிய ஹசிதிய இயக்கம். அதன் மூலவராகப் போற்றப்படும் இஸ்ராயேல் பென் எலியேசர், ‘பால் ஷெம் தோவ்’ (நற்பெயரின் தலைவர்) என்ற பட்டத்தால் அறியப்பட்டவர். இன்றைய உக்ரைனில் உள்ள மெட்ஜிபிஜ் என்ற ஊரில் வாழ்ந்து 1760இல் மறைந்தார். பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் உதவியாளராகவும், கார்ப்பாத்திய மலையடிவாரத்தில் களிமண் தோண்டி மனைவியிடம் விற்கக் கொடுத்தவராகவும் அவரைச் சித்திரிக்கும் கதைகள் 1814இல் நூலாக அச்சேறின. அவர் தாமே நூல் எதுவும் எழுதவில்லை. மெஸெரிச் ஊரைச் சேர்ந்த தோவ் பேர் முதலான சீடர்களின் வழியே அவருடைய கருத்துகள் பரவின.

இவ்வியக்கத்தின் மையக் கோட்பாடுகளுள் ஒன்று ‘அவோதா பெகஷ்மியூத்’, அதாவது உடல்சார்ந்தவற்றின் வழியே செய்யும் வழிபாடு. தமிழில் ‘பணி’ என்பது தொழிலையும் குறித்து, ‘பணிதல்’ என்னும்போது வணக்கத்தையும் குறிப்பதைப் போல, ‘அவோதா’ என்ற எபிரேயச் சொல் உழைப்பையும் குறிக்கும், ஆலய வழிபாட்டையும் குறிக்கும். உண்பது, உறங்குவது, வாங்குவது, விற்பது, அண்டை வீட்டாரோடு பேசுவது என எதுவாயினும், உள்ளிருக்கும் பொறியை எண்ணிச் செய்யப்படும்போது அது வழிபாடாகிறது என்பதே இதன் சாரம். அவ்வாறு எண்ணுவதற்குக் ‘கவனா’ என்று பெயர். தமிழின் ‘கவனம்’ என்ற சொல்லோடு அது ஒலியிலும் பொருளிலும் நெருங்கி நிற்பது தற்செயலான ஒற்றுமையே; எனினும் அந்த ஒற்றுமை கருத்தை விளக்க உதவுகிறது. ஓர் இலக்கை நோக்கி மனத்தை நேராக்குவது, அம்பைக் குறி பார்ப்பதுபோல் எண்ணத்தைத் திருப்புவது கவனா ஆகும். அந்த எண்ணம் நீடித்து, இறைவனோடு ஒட்டிக்கொண்ட நிலையாக முதிரும்போது அதைத் ‘தெவேகூத்’ என்பர்.

பால் ஷெம் தோவின் கொள்ளுப்பேரனான பிராத்ஸ்லாவ் ஊர் நக்மன் (1772–1810) இன்னும் எளிய பயிற்சி ஒன்றை வகுத்தார். நாள்தோறும் சிறிது நேரம் தனித்திருந்து, முடிந்தால் வயல்வெளிக்குச் சென்று, எபிரேயத்தில் அல்லாமல் கிழக்கு ஐரோப்பிய யூதரின் தாய்மொழியான இத்திஷில், நண்பனிடம் மனத்தைத் திறப்பதுபோல் இறைவனிடம் பேச வேண்டும் என்றார் அவர். கடன் தொல்லையும் பிள்ளையின் காய்ச்சலும் அந்தப் பேச்சில் இடம்பெறத் தக்கவையே.

உணவு மேசை என்னும் பலிபீடம்

இக்கோட்பாடு மிகத் தெளிவாகச் செயற்படுவது உணவில். கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் ரோமானியரால் இடிக்கப்பட்ட பிறகு, பலிபீடம் செய்துவந்த வேலையை வீட்டு உணவு மேசை ஏற்றுக்கொண்டது என்று ரப்பிகளின் போதனைத் தொகுப்பான தல்மூத் கூறுகிறது. ஏழை ஒருவர் வந்தமர்ந்து உண்ணும் இடம் அது என்பதே அதற்குக் காரணம். ரொட்டியைப் பிட்கும் முன் சடங்காகக் கை கழுவுவதும், பலிப்பண்டங்களுக்கு உப்பிடப்பட்டதுபோல் ரொட்டியை உப்பில் தொட்டு உண்பதும் ஆலயத்தின் நினைவைச் சுமந்து நிற்கும் வழக்கங்கள்.

இந்தப் பழைய அடித்தளத்தின் மேல் மறைஞானிகள் தம் பொறிக் கொள்கையைக் கட்டினர். வயிறு உணவுக்காகப் பசிப்பதாக மனிதன் நினைக்கிறான். உண்மையில் அந்த உணவில் சிறைப்பட்டிருக்கும் பொறிக்காக அவனுடைய ஆன்மாவே பசிக்கிறது, வயிற்றுப் பசி அதன் அறிகுறி மட்டுமே என்று பால் ஷெம் தோவின் பெயரால் வழங்கும் விளக்கம் கூறுகிறது. சடப்பொருளான ரொட்டி உயிருள்ள மனிதனை எவ்வாறு வாழ்விக்க முடியும் என்ற கேள்விக்கும் இதே விடைதான்: ரொட்டியை இருக்கச் செய்யும் சொல்லே மனிதனையும் வாழச் செய்கிறது.

லியாதி ஊரைச் சேர்ந்த ஷ்னேயூர் சல்மன் (1745–1812) எழுதி 1796இல் அச்சான ‘தன்யா’ என்ற நூல், இதை ஓர் ஒழுங்கான உளவியலாகவே வளர்த்தது. ஞானிக்கும் தீயவனுக்கும் இடைப்பட்ட ‘பெய்னோனி’ எனப்படும் நடுத்தர மனிதனுக்காக எழுதப்பட்ட அந்நூல், எபிரேயத்தில் தடைசெய்யப்பட்டதைக் குறிக்கும் ‘அசூர்’ என்ற சொல்லுக்குக் கட்டுண்டது என்றும், அனுமதிக்கப்பட்டதைக் குறிக்கும் ‘முத்தார்’ என்ற சொல்லுக்கு அவிழ்க்கப்பட்டது என்றும் வேர்ப்பொருள் இருப்பதைச் சுட்டுகிறது. தடைசெய்யப்பட்ட உணவிலுள்ள பொறி கட்டுண்டு கிடப்பதால் மனிதனால் அதை மேலேற்ற இயலாது. அனுமதிக்கப்பட்ட உணவிலுள்ள பொறி, கைநீட்டினால் எழுந்துவர ஆயத்தமாக இருக்கிறது. வழிபாட்டுக்கும் கல்விக்கும் வலுப்பெற வேண்டி உண்ணும்போது அது மேலேறுகிறது; நாக்கின் ருசிக்காக மட்டும் உண்ணும்போது தற்காலிகமாகக் கீழிறங்கினாலும், அதே உடலின் வலுவைக் கொண்டு மனிதன் பின்னர் நற்செயலுக்குத் திரும்பும்போது மீண்டும் எழுகிறது. நேற்று உண்ட உணவையும் இன்றைய செயல் மீட்டெடுக்கக்கூடும் என்ற இந்தக் கருத்து, தவறிப்போகும் சாதாரண மனிதனிடம் காட்டப்படும் பரிவாகும்.

உடலும் அடுப்படியும்

மறைஞானம் தோன்றுவதற்கு முன்பே யூத வழக்கம் அன்றாட வாழ்வைச் சிறு சிறு நன்றியுரைகளால் பின்னி வைத்திருந்தது. ஒருவர் நாள்தோறும் நூறு ஆசியுரைகள் சொல்லக் கடமைப்பட்டவர் என்று தல்மூத்தில் ரப்பி மேயிர் கூறுகிறார். மரத்தில் விளைந்த கனிக்கு ஒன்று, மண்ணில் விளைந்த காய்க்கு வேறொன்று, ரொட்டிக்கு ஒன்று, திராட்சை ரசத்துக்கு ஒன்று, இடி கேட்டால், வானவில் கண்டால், கடலைக் கண்டால் என ஒவ்வொன்றுக்கும் உரிய சொல் உண்டு. இவற்றுள் வேற்றுச் சமயத்தாரை வியக்கவைப்பது, மலசலம் கழித்து வந்த பின் சொல்லப்படும் நன்றியுரை. உடலின் துளைகளையும் குழிவுகளையும் ஞானத்தோடு படைத்தவனுக்கு நன்றி கூறும் அது, திறந்திருக்க வேண்டியது அடைபட்டாலோ அடைபட்டிருக்க வேண்டியது திறந்துகொண்டாலோ மனிதன் நிலைத்திருக்க முடியாது என்பதை ஒளிவுமறைவின்றிக் கூறுகிறது. 4ஆம் நூற்றாண்டின் பாபிலோனிய அறிஞர் அபாயேயின் பெயரோடு அது தல்மூத்தில் இடம்பெறுகிறது. தூய்மையற்றது என்று மூக்கைப் பிடிக்கும் நேரத்தையும் வழிபாட்டுக்கு வெளியே விடாத ஒரு மரபில்தான், பொறிகள் எங்கும் சிதறிக் கிடக்கின்றன என்ற கொள்கை வேரூன்ற முடிந்தது.

கபாலா நூல்களைக் கற்கும் வாய்ப்பு பெண்களுக்குப் பெரும்பாலும் மறுக்கப்பட்டிருந்தது. எனினும் அவர்களுக்கென்று ‘த்கினே’ எனப்படும் இத்திஷ் மொழி வேண்டுதல்கள் சிறு புத்தகங்களாக அச்சாகிப் பரவின. ஓய்வுநாள் ரொட்டிக்கான மாவில் ஒரு பகுதியைப் பிரித்தெடுக்கும்போதும், அதை அடுப்பில் இடும்போதும், விளக்கேற்றும்போதும், பேறுகாலத்திலும் சொல்வதற்கென்று அவற்றில் வேண்டுதல்கள் இருந்தன. 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சாரா பாஸ் தோவீம் இவ்வகையில் புகழ்பெற்றவர். பாவமன்னிப்பு நாளுக்கு முன் பெண்கள் கல்லறைத் தோட்டம் சென்று, நூலால் கல்லறைகளை அளந்து, அந்த நூலையே திரியாக இட்டு மெழுகுவத்தி செய்யும் வழக்கத்துக்கு உரிய வேண்டுதலையும் அவருடைய நூலில் காணலாம். இறந்தோர்க்கும் இருப்போர்க்கும் இடையிலான உறவு ஒரு முழ நூலில் ஏற்றி வைக்கப்படும் இச்செயலில், பாடசாலைகளில் விவாதிக்கப்பட்ட கொள்கை கைவேலையாகவே நிகழ்கிறது.

வேலியின் தேவை

எல்லாவற்றிலும் இறைமை உண்டு என்ற கருத்தில் ஓர் ஆபத்தும் உண்டு: எல்லாவற்றிலும் உண்டென்றால் பாவத்திலும் இருக்க வேண்டுமே என்ற வாதத்துக்கு அது இடம் தருகிறது. இந்த ஆபத்தை யூத சமூகம் நேரிலேயே கண்டது. ஸ்மிர்னா நகரில் பிறந்து, மீட்பர் என்று தம்மை அறிவித்துக்கொண்ட சபத்தாய் ஸ்வி, 1666இல் சுல்தானின் முன்னிலையில் இஸ்லாத்தைத் தழுவியபோது, ஆழத்தில் கிடக்கும் பொறிகளை மீட்கவே அவர் இருளுக்குள் இறங்கினார் என்று லூரியாவின் மொழியிலேயே அவருடைய அன்பர்கள் சிலர் விளக்கம் தந்தனர். அவர்களுள் தீவிரமானோர் கட்டளைகளை மீறுவதையே புனிதச் செயலாகக் கொண்டாடினர். ஒரு நூற்றாண்டுக்குப் பின் ஹசிதிய இயக்கம் தலையெடுத்தபோது, வில்னா நகரின் பேரறிஞர் எலியாவின் ஆதரவோடு 1772இல் அதற்கு எதிராக விலக்காணை பிறந்ததற்கு இந்த நினைவும் ஒரு காரணம்.

ஹசிதியர் இந்த எச்சரிக்கையை உணர்ந்தே இருந்தனர். அவிழ்க்கப்பட்டது, கட்டுண்டது என்ற பாகுபாட்டை அவர்கள் கைவிடவில்லை. ‘ஹலாகா’ எனப்படும் சமயச் சட்டத்தின் வேலிக்குள்ளேயே அன்றாடத்தைப் புனிதப்படுத்தினர். யூதச் சட்டத் தொகுப்புகளுள் மிகவும் செல்வாக்குப் பெற்ற ‘ஷுல்கான் ஆரூக்’கை இயற்றிய யோசேப் காரோ, அதே சஃபேத் ஊரில் வாழ்ந்த மறைஞானியுமாவார் என்பது இங்கு நினைவுகூரத் தக்கது; ‘விரிக்கப்பட்ட மேசை’ என்பது அந்நூற்பெயரின் பொருள். மந்திரித்த சிவப்பு நூலாகவும் விரைவான மனநிம்மதிக்கான உத்தியாகவும் இன்று சந்தையில் கிடைக்கும் கபாலா, இந்த வேலியைக் கழற்றிவிட்டு வந்த ஒன்றாகும்.

ஓய்வுநாளிலிருந்து வேலைநாளுக்கு

வேலியும் உவகையும் ஒன்றாகச் சேரும் நாள் ‘ஷபாத்’. வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது தொடங்கும் இந்நாளில் 39 வகை வேலைகள் விலக்கப்பட்டுள்ளன. விதைப்பது, நெய்வது, எழுதுவது, தீ மூட்டுவது ஆகியவை அவற்றுள் சில. சஃபேத் மறைஞானிகள் வெண்ணிற ஆடை உடுத்து வயல்வெளிக்குச் சென்று, ஷெகினாவை மணமகளாக எண்ணி இந்நாளை எதிர்கொண்டனர். அவர்களுள் ஒருவரான ஷ்லோமோ அல்கபெட்ஸ் இயற்றிய வரவேற்புப் பாடல் இன்றும் உலகெங்கும் யூதத் தொழுகைக் கூடங்களில் ஒலிக்கிறது. அந்த ஒரு நாளுக்கு மட்டும் மனிதனுக்குக் கூடுதலான ஆன்மா ஒன்று அருளப்படுகிறது என்பது மரபின் நம்பிக்கை.

சனிக்கிழமை இரவு அந்த விருந்தாளி ஆன்மா விடைபெறும் நேரத்தில் ‘ஹவ்தாலா’ எனப்படும் பிரிப்புச் சடங்கு நடைபெறுகிறது. பிரிவால் சோர்ந்த உள்ளத்தைத் தேற்ற நறுமணப் பொருள்கள் முகரப்படுகின்றன. பல திரிகளைப் பின்னிச் செய்த மெழுகுவத்தியின் சுடரில் விரல் நகங்கள் பார்க்கப்படுகின்றன. முதல் ஓய்வுநாள் முடிந்த இரவில்தான் ஆதாம் கற்களைத் தேய்த்து முதன்முதலாக நெருப்பை உண்டாக்கினான் என்று தல்மூத் கூறுவதால், அந்தச் சுடர் மனிதத் தொழில் அனைத்தின் தொடக்கத்தையும் குறிக்கிறது. மறுநாள் காலை பட்டறை திறக்கிறது.

பட்டறைக்குச் செல்லும் மனிதன் அங்குள்ள பண்டத்தை எவ்வாறு நோக்க வேண்டும் என்பதில்தான் 20ஆம் நூற்றாண்டின் இரு பெரும் அறிஞர்கள் மாறுபட்டனர். ஹசிதியக் கதைகளை ஜெர்மன் மொழியில் மறுவடிவம் தந்து உலகறியச் செய்த மார்ட்டின் பூபர் (1878–1965), இங்கே இப்போது இருக்கும் உலகை அதன் இயல்போடு நேசித்துப் புனிதமாக்குவதே ஹசிதியத்தின் செய்தி என்றார். கபாலா ஆய்வைப் பல்கலைக்கழகத் துறையாக நிறுவிய கெர்ஷோம் ஷோலெம் (1897–1982) இதை ஏற்கவில்லை. கதைகளை விடுத்துக் கோட்பாட்டு நூல்களைப் படித்தால், பொறியை எடுத்துக்கொண்டபின் பண்டம் வெறும் கூடாகவே எஞ்சுகிறது, ஆகவே அந்த ஞானிகள் உலகைத் தழுவவில்லை, உலகின் வழியே உலகைக் கடக்கவே முயன்றனர் என்பது அவருடைய வாதம். நூற்சான்று பெருமளவு ஷோலெமின் பக்கம் இருக்கிறது என்று கருதுவோர் உளர். கதைகளைச் சொல்லிச் சொல்லி வாழ்ந்த மக்களின் வழக்கே மெய்யான சான்று என்பது பூபரின் மறுமொழி.

இந்தக் கருத்து வேறுபாட்டுக்கு மரபுக்குள்ளிருந்தே வெளிச்சம் தரும் கதை ஒன்று உண்டு. ஆதியாகமத்தில் இறைவனோடு நடந்து, பின்னர் இறைவனால் எடுத்துக்கொள்ளப்பட்டவனாகச் சொல்லப்படும் ஏனோக்கு, செருப்புத் தைப்பவனாக இருந்தான் என்றும், ஒவ்வொரு தையலின்போதும் மேலுலகையும் கீழுலகையும் அவன் இணைத்தான் என்றும் இடைக்கால மறைஞானிகள் கூறினர். ஊசியைக் குத்தும்போதெல்லாம் அவன் மனம் ஆழ்ந்த மறைபொருள்களில் திளைத்திருந்தது என்றே இக்கதை வழக்கமாக விளக்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் லித்துவேனிய யூதரிடையே ஒழுக்கநெறி இயக்கத்தைத் தொடங்கிய இஸ்ராயேல் சலன்டரின் பெயரால் வழங்கும் விளக்கமோ அதை மறுக்கிறது. கூலி வாங்கிக்கொண்டு செருப்புத் தைப்பவன் வேலை நேரத்தில் வேறெதையோ தியானித்துக்கொண்டிருந்தால், அது கூலி கொடுத்தவரிடமிருந்து திருடுவதற்கு ஒப்பாகும். ஆகவே ஏனோக்கு எண்ணியது தையலை மட்டுமே, அந்தத் தையல் பிரியாமல் இருக்க வேண்டும், அணிபவரின் கால் நோகாமல் இருக்க வேண்டும் என்பதை மட்டுமே என்கிறது அவ்விளக்கம்.